பிரேக் இல்லாத முல்லைத்திணை

ஆய்வுச் சுருக்கம்: பிரிட்டனில் ஸ்பீட்வே பார்க்கப் போகும் ரசிகர் ஸ்பீட்வே பார்ப்பதில்லை, காத்திருக்கிறார். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நிறுவி என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியைத் தேர்வாளர்கள் தவிர்க்கவும்.

முதலில் பொருள் விளக்கம். ஸ்பீட்வே ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம். 500 சிசி எஞ்சின், ஒரே கியர், எரிபொருள் மெத்தனால். பிரேக் கிடையாது. கழன்று விழுந்ததல்ல, வைப்பதே இல்லை. நாலு பேர், நீள்வட்டத் தடத்தில் நாலு சுற்று, இடப்புறமாக. வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் ஒடித்து, இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் பறப்பார்கள். அதனால் இடது பூட்சுக்கு மட்டும் இரும்பு லாடம் உண்டு. முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. இப்படி ஓடும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஹீட் என்று பெயர். ஒரு ஹீட் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம். ஓர் ஆட்டத்துக்கு 15 ஹீட்.

ஆகப் பதினைந்து நிமிடம். ஆனால் ஆட்டம் மாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரை வாக்கில்தான் முடியும். மீதி ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த மனிதர் அங்கே என்ன செய்கிறார்? இதற்கு விடை இங்கிலாந்தில் கிடைக்காது. தொல்காப்பியத்தில் கிடைக்கும். மாலைப் பொழுது, கார்காலம், செம்மண், காடு, காத்திருத்தல்: இந்த ஐந்தும் ஓரிடத்தில் கூடினால் அது முல்லைத்திணை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்பீட்வேயில் ஐந்தும் கூடுகின்றன. ஒவ்வொன்றாகக் காட்டுவோம்.

முதற்பொருளில் முதலாவது நிலம். முல்லைக்கு உரியது காடு. பிரிட்டானிய ஸ்பீட்வே பிறந்ததும் காட்டில்தான். 1928 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. எப்பிங் காட்டுக்குள் ஹை பீச் என்னும் இடம். கிங்ஸ் ஓக் என்ற மதுக்கடையின் பின்கட்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த புது வேடிக்கை என்று மூவாயிரம் பேரை எதிர்பார்த்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்துவிட்டார்கள். அன்றே எல்லாரும் நெடுநேரம் நின்று காத்திருக்க நேர்ந்தது என்பதை ஆய்வாளர் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்கிறார்.

இங்கே ஒரு பாடபேதம். 1927-இலேயே கேம்பர்லியில் இதுபோல் ஒரு பந்தயம் நடந்துவிட்டது, ஹை பீச் முதலாவதல்ல என்பார் உளர். ஆனால் கேம்பர்லியில் மணலில் ஓட்டினார்கள், அதுவும் வலப்புறமாகச் சுற்றினார்கள். கோயிலுக்கு அது சரி. ஸ்பீட்வேக்கு ஆகாது. ராகு கேதுவுக்குச் சிலர் இடமாகச் சுற்றுவதுபோல் இதற்கும் இடஞ்சுற்றுதான் விதி. ஆகவே கேம்பர்லியைத் தள்ளினோம். ஹை பீச் ஆட்டம் மாலையில் நடக்கவில்லையே, பட்டப்பகலில் அல்லவா நடந்தது என்று மாணவர் எழுந்து கேட்கலாம். வழுவமைதி. உட்காரவும்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் தடத்தின் மேல் பரப்புவது ஷேல் என்னும் சிவப்புப் பாறைத்தூள். முதல் வளைவில் வேலியோரம் நிற்பவரின் தலைமுடி, டீ, சட்டைப்பை எல்லாம் முதல் ஹீட்டிலேயே சிவக்கும். பிற்காலத்தில் பின்சக்கரத்துக்கு மண்தடுப்பு மாட்ட வேண்டும் என்று விதி வந்தது. மண் குறைந்தது. கூடவே முணுமுணுப்பும் தொடங்கியது. காசு கொடுத்து மண் வாங்கிப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா?

பொழுது: மார்ச் முதல் அக்டோபர் வரை. ஊருக்கு ஒரு கிழமை. இப்ஸ்விச்சுக்கு வியாழன், பூலுக்குப் புதன் என்று தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். மெய்யான ரசிகருக்கு வாரநாள் பெயர்கள் இந்த முறையில்தான் நினைவிருக்கும். இனி, கார்காலம். அங்கே அதற்குக் கோடைகாலம் என்று பெயர்.

கருப்பொருள். பறை: அழுத்தினால் காது கிழியும் ஏர் ஹார்ன், அதற்கு முன் மரக் கிலுகிலுப்பை. உணவு: பர்கர், சிப்ஸ், வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் வந்த டீ. பூ: எனாமல் பேட்ஜ். இந்தப் பூ ஆண்டுதோறும் பூக்கும். அணியின் பேட்ஜுக்குக் கீழே ஆண்டு பொறித்த சின்னப் பட்டைகளைச் சங்கிலிபோல் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போவார்கள். நாற்பது ஆண்டு பார்த்தவரின் மேல்சட்டை நடக்கும்போது சலங்கை கட்டியதுபோல் ஒலிக்கும். விலங்கு: வுல்வர்ஹாம்டனுக்கு ஓநாய், கிளாஸ்கோவுக்கும் ஷெஃபீல்டுக்கும் புலி, ரெட்காருக்குக் கரடி, ஸ்கன்தார்ப்புக்குத் தேள், கவென்ட்ரிக்குத் தேனீ. இப்ஸ்விச்சுக்குச் சூனியக்காரி, அவரை எந்த வகையில் சேர்ப்பது என்பது மேலாய்வுக்கு உரியது. தெய்வம்: முல்லைக்குத் திருமால் என்பர். இங்கே ஐவன் மௌகர் என்ற நியூசிலாந்துக்காரர். 1968 தொடங்கி 1979-க்குள் ஆறு முறை உலகச் சாம்பியன். ஆறு அவதாரம் என்க.

மணம் தனியே பேசத்தக்கது. இந்த எஞ்சின்களில் காலங்காலமாக ஊற்றிவந்தது ஆமணக்கு எண்ணெய் சேர்ந்த மசகு. வேறொன்றுமில்லை, நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். பேதிக்குக் கொடுப்பார்கள் என்று பயந்து நாம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட அதே எண்ணெய் அங்கே எஞ்சினில் கருகிப் புகையாக வருகிறது. ரசிகர் கண்ணை மூடி மூக்கு நிறைய இழுக்கிறார். அந்த வாசனை பட்டதும் பத்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த ஹீட் நினைவுக்கு வந்துவிடும் என்கிறார்கள். நமக்கும் அந்த வாசனையில் பத்து வயது நினைவு வருகிறது. அது வேறு விதமான ஓட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்ற நம் மரபுத்தொடர் உலகில் எங்கேனும் நேர்ப்பொருளில் வழங்குமாயின், அது ஸ்பீட்வே வேலியோரம்தான்.

இனி உரிப்பொருள்: இருத்தலும் இருத்தல் நிமித்தமும். கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

முல்லைத் தலைவி சுவரில் கோடு கிழித்து நாள் எண்ணினாள். ஸ்பீட்வே ரசிகர் கையில் இருக்கும் புரோகிராமில் எண்ணுகிறார். நுழைவாயிலில் விற்கும் மெல்லிய புத்தகம் அது. ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு கட்டம். உள்ளூர் அணிக்குச் சிவப்பு, நீல ஹெல்மெட், விருந்தாளி அணிக்கு வெள்ளை, மஞ்சள். வந்த வரிசை, புள்ளி, இதுவரை மொத்தம், வெற்றி நேரம் எல்லாவற்றையும் கையால் நிரப்ப வேண்டும். இதற்கென்றே மேலே பிளாஸ்டிக் மூடி போட்ட அட்டை விற்கிறது. அறிவிப்பாளர் ஆள் மாற்றத்தைச் சொன்னதும் திடல் முழுவதும் ஒரே நேரத்தில் தலை குனிகிறது. அச்சடித்த பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதுப்பெயர் எழுதுகிறார்கள். வண்டிகள் உறுமிக்கொண்டு தொடக்கக் கோட்டு நாடாவுக்கு முன் வந்து நின்றாலும் சிலர் நிமிர்வதில்லை. போன ஹீட்டின் கூட்டல் இன்னும் முடியவில்லை. பணம் கட்டி உள்ளே வந்து இரண்டு மணி நேரம் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கும் கூட்டம் வேறெங்கும் இருப்பதாக இக்கட்டுரையாளர் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கணக்கில் பூஜ்யம் மட்டும் ஆறு வகைப்படும். ஓடி முடித்துக் கடைசியாக வந்தது ஒன்று. விழுந்தது ஒன்று. வண்டி நின்றுபோய் விலகியது ஒன்று. நடுவர் வெளியேற்றியது ஒன்று. புறப்படுமுன் நாடாவைத் தொட்டது ஒன்று. இரண்டு நிமிட எச்சரிக்கை மணிக்குள் வந்து நிற்காதது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. பூஜ்யத்தைக் கண்டுபிடித்த நாடு என்று மார்தட்டும் நாம் அதை ஒரே வகையாகத்தான் வைத்திருக்கிறோம்.

அடுத்து நட்சத்திரம். ஒருவர் தன் அணிக்காரருக்கு நேர் பின்னால் வந்து சேர்ந்தால் அவருக்கு ஒரு போனஸ் புள்ளி, புரோகிராமில் அதன் அடையாளம் நட்சத்திரம். அணியின் மொத்தத்தில் அது சேராது. ஆனால் ஓட்டியவரின் கணக்கில் சேரும். நாலு ஹீட்டில் 3, 2, 3, 2 எடுத்தவர் பத்துதான் எடுத்தார் என்று நினைப்பது பாமரப் பார்வை. இரண்டாவதாக வந்த இரண்டு முறையும் சகாவுக்குப் பின்னால் வந்திருந்தால் அவர் பெற்றது பன்னிரண்டு, அதாவது தோற்காதவர். புள்ளியும் போனஸும் கூட்டி, நாலால் பெருக்கி, ஓட்டிய ஹீட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சராசரி. அந்தச் சராசரிதான் ஒருவரின் ஜாதகம்.

பத்துப் பொருத்தமும் அதை வைத்தே பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு அணி கட்டும்போது மொத்தச் சராசரி இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. ஆகவே எல்லாரும் நன்றாக ஓட்டிக் கோப்பை வாங்கிவிட்டால் சராசரி ஏறி வரம்பு தாண்டும். வாங்கிக் கொடுத்தவர்களில் யாரையாவது வழியனுப்ப வேண்டும். யாரை என்பதே அக்டோபர் முதல் மார்ச் வரை மதுக்கடைகளில் நடக்கும் பட்டிமன்றம். பருவத்தின் நடுவே ஒருவருக்கு எலும்பு முறிந்தால் அதே அளவோ அதற்குக் குறைவாகவோ சராசரியுள்ள வேறு அணிக்காரரை ஓர் இரவுக்கு அழைத்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு இரவல் நகை போடுவது போலத்தான். திங்கட்கிழமை எவரைத் திட்டினார்களோ அவரை வியாழக்கிழமை கைதட்டி வரவேற்பார்கள். சங்கிலி பக்கத்து வீட்டுடையது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கென்று ஒரு வீரர் உண்டென்றால் அவர் மார்க் லோரம். 2000-ஆம் ஆண்டு இந்த ஆங்கிலேயர் உலகச் சாம்பியன் ஆனார். பட்டத்துக்காக அந்த ஆண்டு நடந்த கிராண்ட் பிரீ போட்டிகளில் ஒன்றில்கூட அவர் முதலில் வரவில்லை. சேர்த்துச் சேர்த்து வைத்தே பட்டத்தைப் பிடித்தார். சிறுவாட்டுப் பணத்தில் வீடு கட்டிய பாட்டியைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

இருத்தல் நிமித்தம் என்பது ஹீட்டுகளுக்கு இடையே நடப்பது. டிராக்டர் வந்து மண்ணைச் சீவிவிட்டுப் போகும். தண்ணீர் வண்டி வரும். ஓட்டுநர்கள் நாடாவுக்கு முன் நின்று பூட்சால் மண்ணைக் கொத்தி, கிளறி, மிதித்து, சக்கரத்துக்குப் பாத்தி கட்டுவார்கள். ரசிகர்கள் இதைத் தோட்டவேலை என்றே சொல்கிறார்கள். பிறகு நாடா எழும். சில சமயம் முதல் வளைவிலேயே நாலு பேரும் முட்டி மோதி விழுவார்கள். நடுவர் நாலு பேரையும் திரும்ப அழைப்பார். தோட்டவேலை முதலிலிருந்து.

மறுப்பு ஒன்று எழும். இது முல்லையல்ல, பாலை. திடல்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றனவே, பிரிவல்லவா உரிப்பொருள் என்பது. மறுப்பதற்கில்லை. 1981-இல் வெம்ப்ளியில் உலக இறுதிப் போட்டிக்குத் தொண்ணூறாயிரம் பேர் கூடினார்கள். அதன் பிறகு அங்கே இறுதிப் போட்டி நடக்கவேயில்லை. ஹாக்னி திடல் இருந்த இடம் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்குள் போய்விட்டது. கிராட்லி ஹீத் 1995-உடன் தன் திடலை இழந்தது. ஹீதன்ஸ் என்ற அதன் பெயர் பின்னாளில் பக்கத்து ஊரான வுல்வர்ஹாம்டன் திடலில் ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. 2023-இல் அந்த வுல்வர்ஹாம்டன் திடலிலும் பந்தயம் நின்றது. வீட்டுக்காரரே தெருவுக்கு வந்த கதை. ஆனால் பிரிந்தவர் வருவார் என்று சொல்லிக்கொண்டிருப்பது பாலையல்ல, முல்லை. ஆக்ஸ்ஃபோர்டு சீட்டாஸ் பல ஆண்டு கழித்து 2022-இல் திரும்பி வந்தது. அந்த ஒரு வரவை வைத்துக்கொண்டு மற்ற ஊர்க்காரர்கள் இன்னும் எத்தனை கார்காலம் வேண்டுமானாலும் இருப்பார்கள்.

களஆய்வுக்காக ஒரு வியாழக்கிழமை இப்ஸ்விச்சின் ஃபாக்ஸ்ஹால் திடலுக்குப் போனேன். மரங்களுக்கு நடுவே, ஊருக்கு வெளியே. முதல் வளைவில் எனக்குப் பக்கத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள், மடக்கு நாற்காலி, முழங்கால் மேல் கம்பளி, நாலு நிறப் பேனா. பன்னிரண்டாவது ஹீட் முடிந்ததும் தூறல் விழத் தொடங்கியது. என் புரோகிராமை அவர் எட்டிப் பார்த்தார். ஆய்வு முடிவுகளையெல்லாம் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ஒன்பதாவது ஹீட்ல நம்ம பையங்க முன்னும் பின்னுமா வந்தாங்களே, ரெண்டாவது ஆளுக்கு நட்சத்திரம் எங்க கண்ணு?"

"மொத்தத்துல அதனால ஒண்ணும் மாறாதேம்மா."

"அவனோட சராசரி?"

பேனாவை நீட்டினார். நீலத்தை அழுத்திப் போட்டேன். மழை வலுத்தது. நடுவர் குடையோடு தடத்தில் இறங்கி, காலால் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். கம்பளியைத் தோள்வரை இழுத்துக்கொண்டு அந்த அம்மாள் ஃபிளாஸ்கைத் திறந்தார். யாரும் எழுந்து போகவில்லை.