ஏற்படுத்தும் படலம்

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவிலே, பக்கத்து வீட்டு விறகடியில் சென்ற வாரம் சாரைப்பாம்பு ஒன்று புகுந்ததும், தீயணைப்பு நிலையத்தார் வந்து அதைச் சாக்கிலே பிடித்துக்கொண்டு போனதும், அத்தனை நேரமும் தெருவிலுள்ள விசைத்தறிகள் ஒன்றுகூட நில்லாமல் தடதடத்துக்கொண்டிருந்ததும் நான் திண்ணையிலிருந்தபடியே பிரத்தியட்சமாகக் கண்ட விஷயங்கள். அவ்வாறிருக்க, மறுநாட் காலைப் பத்திரிகை அச்சம்பவத்தை நான்கு வரியில் முடித்து, ஐந்தாம் வரியில் 'இது அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது' என்று முத்திரை குத்தியிருந்ததைக் கண்டு மூண்ட கோபம் எனக்கு இன்னும் அடங்கியபாடில்லை. சங்கன், பத்மன் என்ற இரு நாகராஜர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடிய ஸ்தலம் இது. பாம்புருவைக் காணிக்கையாகச் செலுத்திப் புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியிலிட்டுக்கொள்ளும் ஜனங்களை ஒரு கிழட்டுச் சாரையா பதறவைக்கும்? அதிலும் விசேஷம், பாம்பு புகுந்த வீட்டுக்காரரே பத்திரிகையும் கையுமாக வந்து, "அண்ணாச்சி, நம்ம தெருவுல ஏதோ பரபரப்பாம்லா?" என்று என்னிடம் விசாரித்ததுதான்.

இந்த வியாதி பாம்போடு நிற்குமாயின் பொறுத்துக்கொள்ளலாம். மழை பெய்தால் விவசாயிகளிடையே மகிழ்ச்சியை ஏற்படுத்துகிறது, பெய்யாவிட்டால் கவலையை. பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ விலை ஏறினால் பெண்களிடையே அதிர்ச்சியை, இறங்கினால் வியாபாரிகளிடையே வேதனையை. பஸ் வராதது அவதியையும், வந்தது நெரிசலையும், ஆடித்தபசுக் காட்சி பக்தர்களிடையே பரவசத்தையும், மறுநாள் ரதவீதியில் கிடக்கும் குப்பை முகச்சுளிப்பையும் ஏற்படுத்துகின்றன. செத்தவர் சோகத்தை ஏற்படுத்துகிறார். பிழைத்துக்கொண்டவர் நிம்மதியை ஏற்படுத்துகிறார். இழுத்துக்கொண்டு கிடப்பவர்தாம் பாவம், எதையும் ஏற்படுத்த வகையின்றிச் செய்தியில் இடம்பெறாமலே போகிறார். வருந்து என்பதற்கு வருத்து, கலங்கு என்பதற்குக் கலக்கு, திருந்து என்பதற்குத் திருத்து என்று மெல்லொற்றை வல்லொற்றாக்கிய மாத்திரத்தில் பிறவினை செய்துகொள்ளும் பாஷைக்கு இந்தத் தரித்திரம் ஏன்? போதாதென்றால் வி, பி என்னும் விகுதிகளை நன்னூலார் எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவற்றைச் சீந்துவாரில்லை.

இவ்வழக்கத்தின் மூலம் ஆங்கிலத்துக் 'காஸ்' என்ற பதமே என்று நிரூபிக்கவே இதை எழுதத் தொடங்கினேன். லத்தீனில் அதன் தாய்ச்சொல் காரணத்துக்கும் நியாயஸ்தல வழக்குக்கும் ஒருங்கே பெயர். கோர்ட்டுகளில் அன்றாட விசாரணைப் பட்டியலை இன்றும் 'காஸ் லிஸ்ட்' என்பது அந்தப் பந்தத்தினால்தான். குற்றஞ்சாட்டும் 'அக்யூஸ்', குற்றத்தினின்று நழுவும் 'எக்ஸ்க்யூஸ்' இரண்டும் அதன் வயிற்றுப் பிள்ளைகளே. பிரெஞ்சுக்காரர் வாயிலோ அது தேய்ந்து 'ஷோஸ்' ஆகி, கண்டதையெல்லாம் குறிக்கும் வெறும் 'வஸ்து' என்ற அர்த்தத்துக்கு இறங்கிவிட்டது. நம் 'ஏற்படுத்து'வுக்கும் ஏறக்குறைய அக்கதியே. இனி எஞ்சியது நிரூபணம். அதற்கு ஆதாரமாகப் பரண்மேல் நான் சேர்த்து வைத்திருந்த பழம்பத்திரிகைக் கட்டுகளோ, பேப்பர்காரனின் தராசிலேறிப் போய்விட்டிருக்கின்றன. போட்டது யார் என்று வீட்டில் கேட்டால் யாரும் போடவில்லையாம். "எடத்த அடச்சுக்கிட்டுக் கெடந்துது, போயிட்டு" என்கிறாள் என் மனைவி.