தூக்க முடிந்தால்தான் தோணி

கேள்வி: தனியாகத் தூண்டில் போட, நானே சுமந்து போகக்கூடிய சிறு படகு வாங்க ஆசை. காற்றடைக்கும் ரப்பர் படகா, பிளாஸ்டிக் கயாக்கா?
– ஒரு வாசகர், திருவனந்தபுரம்

பதில்: உங்கள் ஊர்க் கடற்கரையே இதற்குப் பதில் வைத்திருக்கிறதே! பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் கட்டுமரத்தைப் பாருங்கள். லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது. அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதில் பள்ளமே இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து உலர்த்துவார்கள். ஈரம் ஊறிய மரம் கனக்கும், மறுநாள் இழுக்க முதுகு வேண்டுமே! பிரித்துச் சுமக்கும் படகு புதுக் கண்டுபிடிப்பு என்று யாராவது விற்க வந்தால் இதைச் சொல்லுங்கள். இப்போது தெர்மோகோல் தெப்பத்திலும் ஒற்றை ஆளாகப் போகிறார்கள்.

ஆகவே என் ஓட்டு, மேலே உட்கார்ந்து துடுப்பு போடும் கயாக்குக்கு. அதன் துளைகளும் கட்டுமரத்தைப் போலவே தண்ணீரை வடித்துவிடும். முப்பது கிலோவுக்குள் இருக்கட்டும்; கடையிலேயே தூக்கிப் பாருங்கள். ரப்பர் படகைப் பையில் மடிக்கலாம், ஆனால் காற்று அதை இழுத்துக்கொண்டு போகும். தூண்டில் முள்ளும் காற்றுப்பையும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது கஷ்டம்.

முதலில் காயலில் பழகுங்கள். ஜூன், ஜூலையில் கடல் பக்கம் வேண்டாம். மற்ற மாதங்களையும் கண்ணை மூடி நம்ப முடியாது: 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்தக் கரையின் தேர்ந்த கடலோடிகளையே கொண்டுபோனது. உயிர்க்கவசம் அணியாமல் படகை அவிழ்க்காதீர்கள்.