யார் பல்லைப் பார்ப்பது?

குதிரை வாங்கப் போனால் முதலில் பல்லைப் பார் என்பார்கள். குதிரையின் பல்லைத்தான். விற்கிறவர் சிரித்துக்கொண்டே காட்டும் பல்லைப் பற்றி எந்தச் சாத்திரமும் வாய் திறப்பதில்லை.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாமாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். மாமாவின் குதிரை ஞானம் முழுக்க எம்.ஜி.ஆர். படங்களில் கற்றது.

குதிரைக்கு ஐந்து வயதுக்குள் பால்பற்கள் விழுந்து முன்பற்கள் எல்லாம் முளைத்துவிடும். பத்து வயதுவாக்கில் மேல்வரிசை ஓர முன்பல்லில், ஈறோரம் ஒரு கோடு தோன்றும். அது மெல்ல இறங்கி இருபதில் பல்லின் நுனியைத் தொடும். மாமா பிளந்து பார்த்த வாயில் கோடு பாதி தூரம் வந்திருந்தது.

"ஆறு வயசுதானுங்க" என்றார் விற்பவர்.

"நான் பொறந்தப்பவே இது இருந்துச்சுன்னு அம்மா சொல்லுச்சே?" என்றான் அவர் பையன். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. தகப்பனார் அவனை டீ வாங்க அனுப்பினார்.

அடுத்தது சுழி. ரோமம் சுழிந்த இடத்தை வைத்து வாங்குபவரின் ஆயுளையே கணிக்கிறார்கள். ஆகாத சுழி என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், விலை சரியும். முணுமுணுப்பவர் பெரும்பாலும் வாங்குபவரின் தரகர்.

நொண்டலைக் கண்டுபிடிக்கச் சுழி உதவாது. கெட்டித் தரையில் ஓட்டச் சொல்ல வேண்டும். முன்காலில் வலியிருந்தால், அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது இறங்கும். விற்பவரோ மணலை விட்டு வெளியே வரவே இல்லை. நாங்கள் போகும்முன்பே குதிரைக்கு வேர்த்திருந்தது. அத்தனை சாதுவாக அது நின்றது குணத்தாலா, களைப்பாலா?

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியது நினைவுக்கு வந்தது. கடல் கடந்து வந்த குதிரை வணிகர்கள், குதிரை வைத்தியர்களை இங்கே வரவே விடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்!

மனிதர்களை விடுங்கள். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியனுக்குக் குதிரை கொண்டுவந்து கொடுத்தவர் சாட்சாத் சிவபெருமான். ராத்திரியில் அத்தனையும் நரியாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. கொடுத்தவரைப் பிடிக்க முடியவில்லை. நடுவில் நின்ற மாணிக்கவாசகரைத்தான் சுடுமணலில் நிறுத்தினார்கள்.

அன்றைக்கு வெயிலும் கொஞ்சம் அதிகம். தரகர் விலை பேசத் துண்டை விரித்து, அதனடியில் மாமாவின் விரலைப் பிடித்துவிட்டார்.

"நீ என்ன சொல்ற மாப்ளே?" என்றார் மாமா.

நான் குனிந்து, குதிரையின் வயிற்றுக்கடியில் மும்முரமாகச் சுழி தேடிக்கொண்டிருந்தேன்.