ஏற்காடு மலைப்பாதையில் சைடு கொடாமை: ஓர் ஆய்வு முன்னோட்டம்

ஏற்காட்டைப் பற்றி எழுத வேண்டியதையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை மேலே கொண்டுபோன கதை, சேர்வராயன் குகைக்கோயில், ஏரிப் படகு, மே மாதக் கோடை விழா என ஒவ்வொன்றுக்கும் ஒரு முனைவர் பட்டம் தேறும். ஆனால் அடிவாரத்தைத் தாண்டியதும் செகண்ட் கியரில் விழுந்து, பின்னால் ஒரு கல்யாண ஊர்வலத்தையே சேர்த்துக்கொண்டு, கடைசி வளைவு வரை யாருக்கும் சைடு கொடுக்காமல் ஏறுகிறதே ஒரு கார், அதைப் பற்றி ஒரு குறுங்கட்டுரைகூட இல்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே எமது நோக்கம். (ஆய்வு இடைவெளி: எழுதத் தேவையில்லை என்று எல்லோரும் ஒருமனதாக விட்டுவைத்த பொருள்.)

களம் பற்றிச் சுருக்கமாக. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40 இருக்க, வெறும் 20 வளைவுகளை வைத்து முடிவுக்கு வரலாமா, மாதிரி அளவு போதுமா என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். கேட்பவர் பெரும்பாலும் கொல்லிமலைப் பக்கத்துக்காரராக இருப்பார்.

மெல்லச் செல்வோர் ஐவகைப்படுவர். ஐந்திணை வகுத்த நாட்டில் எதையும் நான்காகவோ ஆறாகவோ பிரிக்க நெறியாளர் சம்மதிப்பதில்லை.

முதலாமவர் எஞ்சினால் மெல்லச் செல்பவர். ஒரு டன் காரை 1,200 மீட்டர் மேலே தூக்க, கணக்குப்படி மூன்றேகால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். அதாவது வீட்டு ஏசி இரண்டு மணி நேரம் ஓடுவதற்கானது. உராய்வும் வீணாகும் வெப்பமும் தனி. மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஏரிக்கரைக்கு வரும்போது சமவெளிக் காற்றைவிட ஏறக்குறைய 11 விழுக்காடு அடர்த்தி குறைந்திருக்கும். டர்போ இல்லாத பழைய எஞ்சின், உள்ளே ஆறு பேர், மேலே கேரியரில் பாய் தலையணை. இவர் மெல்லப் போவதை இயற்பியலே மன்னித்துவிட்டது.

இரண்டாமவர் பயத்தால் மெல்லச் செல்பவர். நல்ல மனிதர்.

மூன்றாமவர் குரங்கால்.

நான்காமவர் எலுமிச்சம்பழத்தால். பின் சீட்டில் அம்மா கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு வளைவுக்கும் "கண்ணு, பையப் போ சாமி" என்று ஒரு குரல். வேகமானி முள்ளைவிட அந்தப் பழத்தின் நிலை முக்கியம். அது மூக்கை விட்டு வாய்க்கு இடம்பெயர்ந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். இவ்வகையில் மேலும் ஆய்வு தேவை. யாரும் முன்வரவில்லை.

ஐந்தாமவர் தன் வேகமே வேகம் என்று நினைப்பவர். மற்ற நான்கு வகையினரும் ஓர் அகன்ற இடம் கண்டால் இடதுபுறம் ஒதுங்கிவிடுவார்கள். இவர் ஒதுங்குவதில்லை. உள்கண்ணாடியில் இவர் பார்ப்பது தன் தலைமுடியை. பின்னால் நீளும் வரிசையைத் தற்செயலாகக் கண்டுவிட்டாலும், "இன்னிக்கு டிராஃபிக் ஜாஸ்தி" என்பார். இவரே இவ்வாய்வின் தலைவர்.

ஒப்பீட்டுக்கு இருங்காட்டுக்கோட்டைக்குப் போவோம். அங்கே மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் 1990 முதல் இருக்கிறது. ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே அதைவிடச் சிறியது. இத்தகைய தடங்களில் டிராக் டே என்று ஒன்று நடக்கும்: பணம் கட்டினால் உங்கள் சொந்தக் காரையே ஓட்டலாம். கோப்பை கிடையாது, முதலிடம் கிடையாது. மெல்ல ஓட்டுபவரைப் பார்த்து யாரும் சிரிப்பதுமில்லை. காலையில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லும் விதிகளில் முக்கியமானது இது: நேர்ப்பாதையில்தான் முந்த வேண்டும், அதுவும் முன்னால் போகிறவர் கையாலோ இன்டிகேட்டராலோ "போ" என்று காட்டிய பிறகுதான். ஆகவே அங்கே மெல்லச் செல்பவரின் வேலை வேகமாகச் செல்பவரின் வேலையைவிடக் கடினம். அவர் முன்னாலும் பார்க்க வேண்டும், கண்ணாடியையும் பார்க்க வேண்டும், கையும் காட்ட வேண்டும். மறந்தால் ஓரத்தில் நிற்பவர் நீலக்கொடி காட்டுவார்.

ஏற்காட்டில் நீலக்கொடி இல்லை. கை இருக்கிறது. இங்குதான் இவ்வாய்வின் மையச் சிக்கல் தொடங்குகிறது.

முன்னால் போகும் வண்டியின் வலப்பக்கச் சன்னல் வழியாக ஒரு கை வெளியே வருகிறது. அதன் பொருள் என்ன? 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் தெளிவாகத்தான் சொல்லியிருந்தன: வலக்கையைக் கிடைமட்டமாக நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசினால், பின்னால் வருபவர் முந்தலாம், கையை நீட்டி இடஞ்சுழியாகச் சுற்றினால், வண்டி இடப்பக்கம் திரும்பப்போகிறது. அரைவட்டமும் முழுவட்டமும் எங்கே பிரிகின்றன என்பதுதான் கேள்வி. வட்டத்தின் நடுவில் கை சன்னல் விளிம்பில் இடித்துக்கொண்டால் அது எதில் சேரும்? மூல நூல் மௌனம் சாதிக்கிறது. உரையாசிரியர்கள் அந்த மௌனத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

பழைய உரை "போ" என்றே பொருள் கொள்கிறது (அடிவாரம் டீக்கடை மரபு, இரண்டாம் பெஞ்சு, காலைப் பாடம்). இதை மறுக்கும் கிளீனர் உரை, அந்தக் கை பீடிச் சாம்பலைத் தட்டவே வெளியே வந்தது, அதற்கு மேல் பொருள் ஏற்றுவது மிகையுரை என்கிறது (டாரஸ் லாரிப் பின்கதவு, கீழ்த்தட்டு, சேறு படியாத பகுதி, சேறு படிந்த பகுதியில் மாற்றுக் கருத்து இருந்திருக்கலாம்). மூன்றாவது உரைகாரர் இருவரையும் சாடி, கை குரங்குக்கு நிலக்கடலை போட்டது என்று நிறுவுகிறார். ஆதாரம் கேட்டால் குரங்கைக் காட்டுகிறார். நான்காவது உரை மிக விரிவானது, ஆனால் முழுமையாகக் கிடைக்கவில்லை (மலைப்பாதைக் கைப்பிடிச் சுவர், பள்ளத்தாக்கு முகம், இதயத்துக்கும் அம்புக்கும் இடைப்பட்ட வரி, காதலர் பெயர்களால் சிதைவுற்றது, மூலம் வெள்ளையடிப்பில் அழிந்ததால் நகலே கிடைக்கிறது, நகலின் மீதும் வெள்ளையடித்திருக்கிறது, பார்க்க: மேற்படி சுவர், மறுபக்கம், பார்க்க முயலவேண்டாம், பள்ளம்).

இன்டிகேட்டர் வந்ததும் குழப்பம் தீரும் என்று நம்பினார்கள். வந்தது; இரண்டு பள்ளிகள் உருவாயின. லாரி வலது இன்டிகேட்டர் போட்டால் "வலப்பக்கமாக ஏறிப் போ" என்று பொருள் கொள்வது ஒரு பள்ளி. "எதிரே வண்டி வருகிறது, வலப்பக்கம் வராதே" என்பது அடுத்த பள்ளி. இரண்டு பொருளும் நம் சாலைகளில் இன்றும் வழக்கில் உள்ளன. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு கொள்கைகள் ஒரே மஞ்சள் விளக்கில் அமைதியாக வாழ்வதைப் பல்கலைக்கழகத் துறைகளுக்கு வெளியே நாம் வேறெங்கும் காணவில்லை. மூன்றாவதாக, போன வளைவில் போட்டதை அணைக்க மறந்தார் என்றும் ஒரு கருத்துண்டு. இது பெரும்பாலும் சரியானது என்பதால் ஆய்வுலகம் இதைப் பொருட்படுத்தவில்லை.

இப்போது ஏசி வந்து கண்ணாடி ஏறிவிட்டது. கை உள்ளேயே தங்கிவிட்டது. அரைவட்ட வீச்சு என்னும் பெருங்கலை நம் காலத்திலேயே மறைந்துவருகிறது. இதற்கொரு கருத்தரங்கம் நடத்தலாம். கட்டுரையாளருக்குத் தலா மூன்று நிமிடம், பொன்னாடைக்கு முக்கால் மணி நேரம்.

அடுத்து, ஐந்தாமவரின் பின்னால் வரும் வண்டிகள். இவர்களை அப்பாவிகள் என்று கருதும் போக்கு உண்டு. ஆனால் கவனித்தால், இரண்டாவது வண்டி முதல் வண்டியைப் பார்த்துப் பிரேக் அடிக்கிறது. மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து. இருபதாவது வண்டிக்கு முதல் வண்டி என்ன நிறம் என்றே தெரியாது, ஆனால் அதற்காகத் தானும் பிரேக் அடிக்கிறது. எங்கள் துறையில் இதற்கு மேற்கோள் மரபு என்று பெயர். ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் தண்டனை இல்லை என்று யுஜிசி 2018இல் விதி செய்தது. காட் ரோட்டில் பின்வண்டிகளின் ஒற்றுமை நூற்றுக்கு நூறு. முதல் வண்டிக்காரரை அவ்வகையில் நெறியாளர் எனலாம்: மெல்ல நகர்வார், வழிவிடமாட்டார், மேலே போய்ச் சேர்ந்ததும் "நான்தான் கூட்டி வந்தேன்" என்பார்.

வேகம் ஒப்பீட்டுக்குரியது என்று ஐந்தாமவர் தரப்பில் ஒரு வாதம் வரலாம். உண்மைதான். 2005இல் இண்டியானாபொலிஸில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் தொடக்கத்திலேயே விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. வேகத்தில் பின்தங்கிய ஜோர்டான் காரை ஓட்டிய கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார்; ஃபார்முலா ஒன்றில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர். ஆனால் அதே ஃபார்முலா ஒன்றில், ஒரு சுற்றுப் பின்தங்கியவர் நீலக்கொடியைக் கண்டும் வழிவிடாவிட்டால் தண்டனை உண்டு. ஐந்தாமவர் இந்த இரண்டில் முதலாவதை மட்டும் படித்திருக்கிறார்.

அதேபோல, அகலம் போதாத மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியையும் அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். அது எதிரே வருபவருக்கான விதி. பின்னால் வருபவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆய்வு முடிவு: மெல்லப் போவது குற்றமில்லை. சைடு கொடாமை குற்றம்.

இக்கட்டுரையை ஐந்தாமவர் யாரேனும் வாசிக்க நேர்ந்தால், மறுப்புரை எழுதி அனுப்பலாம். மதிப்புரைக்குழு அதை வரவேற்கும். ஒரே நிபந்தனை: எழுதும்போது வண்டியை இடது ஓரம் நிறுத்திக்கொள்ளுங்கள்ணா. நாங்க போயிடறோம்.