சுடாத துப்பாக்கிக்கு எண்ணெய்க் குளியல்

வா கண்ணு, குந்து. இன்னா இது, மேசை மேல கடை பரப்பி வெச்சிருக்க? ஆளி விதை எண்ணெய் ஒரு பாட்டிலு. நாலு பூஜ்யம் போட்ட கம்பி நாரு, அதுவும் வெளிநாட்டுச் சரக்காம். நீலக் கலர்ல கையுறை ஒரு டப்பா. தோல்ல தச்ச ஏப்ரன். படம் புடிக்க வட்டமா ஒரு லைட்டு. அல்லாம் சரி, துப்பாக்கி எங்கடா? “இனிமேதான் தாத்தா தேடணும்”ங்கிறியே! புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி பேரு வெச்சவனப் பாத்திருக்கேன். நீ காது குத்தி மொய்யும் வாங்கிட்ட.

அமெரிக்காவுல ஒருத்தன் இத்த வீடியோவுல பண்றானாம். மரப்பொட்டியத் தொறக்கறானாம். உள்ள கிரீஸ்ல ஊறிக் கெடக்குது, பட்டாளம் கழிச்ச பழைய துப்பாக்கி. கிரீஸ வழிச்சி, இரும்பத் தொடச்சி, கட்டைக்கு எண்ணெய் காட்டி, பெத்த புள்ளயத் தூக்கற மாதிரி தூக்கிக் காட்டறான். நீ வாயத் தொறந்து பாத்துக்கினு இருந்த. உனக்கும் ஒரு 303 துப்பாக்கி வேணும்னு ஆசை வந்துடுச்சி.

அவன் ஊரு சங்கதி வேற. அங்க ரெண்டாவது உலக யுத்தம் முடிஞ்ச அப்பால, பட்டாளம் கழிச்சத தபால்லயே வித்தாங்க. 1963ல கென்னடியச் சுட்டது எதுன்னு நெனச்ச? இத்தாலி பட்டாளம் கழிச்சுப் போட்ட துப்பாக்கி. டெலஸ்கோப்போட வெல 19 டாலர் 95 சென்ட்டு, தபால் கூலி தனி. 1968லதான் அந்தத் தபால் யாவாரத்துக்கு சட்டம் போட்டு கடிவாளம் கட்டினாங்க. ஜனாதிபதி செத்து அஞ்சு வருசம் யோசிச்சிருக்காங்க பாரு.

நீ கேக்கற 303க்கு ‘ஆன்டிக்’னு ஒரு பேரு வேற. எதுடா ஆன்டிக்? 1907ல வெள்ளைக்காரப் பட்டாளம் எடுத்துக்கின மாடல் அது. அப்பால வங்காளத்துல, இஷாப்பூர் பாக்டரியில, நம்ம ஆளுங்க கையாலயே செஞ்சாங்க. 2008ல மும்பை ரயில் ஸ்டேஷன்ல ஏகே 47 வெச்சிச் சுட்டானுங்களே, அன்னிக்கு அங்க நம்ம போலீசு கையில இருந்தது இந்த 303தான். உத்தரப்பிரதேச போலீசு 2020 குடியரசு தினத்துக்குத்தான் அத்தக் கடைசியா அணிவகுப்புல தூக்கிச்சி. நீ கழுத்துல பட்டை மாட்டிக்கினு ஆபீசுக்குப் போக ஆரம்பிச்ச அப்பாலயும் அது டியூட்டி பாத்துக்கினு இருந்திருக்குது. ரிட்டையர் ஆனவன் ஒரு வாய் காப்பி குடிக்கறதுக்குள்ள அவன் போட்டோவுக்கு மாலை போடறியே.

நான் அத்தக் கிட்டக்க நின்னு பாத்தவன். கிட்டத்தட்ட நாலு கிலோ கனம். பின்கட்டைக்குப் பித்தளைத் தகடு. அந்தத் தகட்டுல சின்னதா ஒரு கதவு. கட்டை வெரலால தள்ளினா தொறக்கும். உள்ள ஒரு எண்ணெய்க் குப்பி, கூடவே சுருட்டி வெச்ச ஒரு கயிறு. கயித்து நுனில பித்தளைக் குண்டு. கொழாய்க்குள்ள குண்ட வுட்டா மறுபக்கம் வந்து தொங்கும். இந்தப் பக்கம் துணிய மாட்டி ஒரே இழுப்பு. பட்டாளத்துல கயித்துக்கு ‘புல்த்ரூ’, துணிக்கு ‘சிந்தி’ன்னு பேரு. சுட்டு முடிச்சா கொதிக்கிற வெந்நிய கொழாய்ல ஊத்துவாங்க. ஏன் சொல்லு? அந்தக் காலத்துத் தோட்டா வெடிச்சா உள்ள உப்பு படியும். ஈரக் காத்து பட்டா துரு கட்டிக்கும். உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். இத்தக் கண்டுபுடிக்க உங்க ஆயாவுக்கு வீடியோ தேவப்படாது. தண்ணியெல்லாம் வடிஞ்சப்புறம்தான் எண்ணெய். கான்ஸ்டபிளு இத்தனையும் பண்ணான். ‘ரெஸ்டோரேஷன்’னு ஒரு வார்த்த சொல்லல. பண்ணலேன்னா பரேடுல வாங்கிக் கட்டிக்குவான், அவ்ளோதான்.

இன்னொண்ணு கேளு. கட்டைக்கு முன்னால, பிடி மாதிரி இருக்குமே, அதுமேல வளையத்துல ஒரு மகுடம் குத்தியிருக்கும். அதுக்குக் கீழ ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர்னு பேரு, செஞ்ச வருசம். சொதந்திரத்துக்கு அப்பால மகுடம் போயி சிங்கத் தலை வந்துச்சி. மரத்துலயும் முத்திரை இருக்கும். உன்ன மாதிரி ஆளு உப்புத்தாளு எடுத்தா மொதல்ல அழியறது அதுதான். பழசுன்னு துட்டக் கொட்டி வாங்கறது. பளபளன்னு தேய்க்கறது. அப்பால பழசு மாதிரித் தெரிய சாயம் பூசறது. வெவரம் தெரிஞ்சவன் அழுக்கத் தொடச்சி, எண்ணெய் காட்டி, வுட்டுடுவான்.

சரி, இந்தத் துப்பாக்கிய ரிப்பேர் பண்ணவன் கதையச் சொல்லவா? வெள்ளைக்காரன் பண்ணான், ஆனா தலைகீழா. 1857 கலகத்துக்கு அப்பால அவனுக்கு நம்ம சிப்பாயி மேல ஒரே பயம். தன் ஆளுக்குப் புதுசு, நம்ம ஆளுக்கு அதுக்கு முந்தின பழசு. 1878ல ஆயுதச் சட்டம் போட்டான். நமக்கு லைசென்சு, வெள்ளைத் தோலுக்கு விதிவிலக்கு. அப்பால இதே இஷாப்பூர்ல 303அ எடுத்து, கொழாய்க்குள்ள இருக்கிற திருகு வரிய ஒழிச்சி, பத்து தோட்டா போற எடத்துல மரக்கட்டையச் சொருகி, ஒத்தத் தோட்டா 410 மஸ்கட்டா மாத்தி போலீசு, காவலாளி கையில குடுத்தான். ஒருவேளை திரும்பி நின்னா ஒரு தோட்டாவோட நிக்கட்டும்னு. நல்லா இருந்தத மெனக்கெட்டுக் கெடுத்தவன் அவன். அவன் கணக்குல அதுதான் ரிப்பேரு.

சொதந்திரம் வந்துச்சி, 1959ல நாமளே ஒரு ஆயுதச் சட்டம் போட்டோம். பட்டாளத்துத் தோட்டா போற துப்பாக்கி ஜனங்களுக்கு ஆகாதுன்னு ஒதுக்கி வெச்சாங்க. 303 அந்த லிஸ்ட்டுல இருக்குது. இஷாப்பூர்காரன் சாமர்த்தியசாலி. அதே அமைப்புல வேற தோட்டா போறாப்புல 315ன்னு ஒண்ணு செஞ்சி லைசென்சு வெச்சிருந்தவனுக்கு வித்தான். 303அ அனுமதி இல்லாம வூட்டுல வெச்சிருந்தா? 2019 திருத்தத்துக்கு அப்பால கொறஞ்சது ஏழு வருசம், கூடினா பதினாலு. வெச்சிருக்கறது மட்டும் இல்லடா, லைசென்சு இல்லாம ரிப்பேர் பண்றதும் குத்தம். ராஜீவ் காந்தி வழக்குக்கு 1998ல தீர்ப்பு சொன்ன தனிக்கோர்ட்டு இருக்கிற ஊருல குந்திக்கினு நீ இந்தப் பேச்சு பேசற.

மொறைக்காத, சட்டத்துல ஒரு சந்தும் இருக்குது. 45ஆவது பிரிவு. பழைய காலத்துத் துப்பாக்கி, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதானது, இதெல்லாம் வெச்சுக்கலாம். ஒரே ஒரு கண்டிசன்: ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் அது சுடக்கூடாது. வெளங்கிச்சா? ரிப்பேருக்கே அடங்காதத மட்டும்தான் நீ வெச்சுக்க முடியும். நீயோ ரிப்பேர் பண்ணத்தான் வேணும்ங்கற. உன் ஆசையும் சட்டமும் எதிரெதிர் பஸ்சுல ஏறிப் போவுது.

மொறைப்படி 315க்கு மனுப் போடறேன்னு கெளம்புறியா? போ. ஆவடி கமிஷனர் ஆபீசு இருக்குது. எதுக்கு வேணும்னு கேப்பாங்க. “எண்ணெய் பூச”ன்னு சொல்லு. குடுத்தாங்கன்னே வெச்சுக்க, எலக்சன் அறிவிச்சா கொண்டு போயி ஒப்படைன்னு போலீசு நோட்டீசு குடுக்கும். ஓட்டுப் போட வர்ற ஜனத்த வுட அது அதிகமா ஸ்டேஷனுக்குப் போயி வரும்.

ஆவடின்னதும் ஒண்ணு தோணுது. 1965லயே அங்க விஜயந்தா டாங்கி செஞ்சி வெளிய வுட்டாங்க. நாப்பது டன் இரும்பு! செஞ்சவன்லாம் சாயங்காலம் சங்கு ஊதினா டிபன் டப்பாவ சைக்கிள்ல மாட்டிக்கினு வூட்டுக்கு வந்து, மொளகா மூட்டை வெல விசாரிச்சிக்கினு இருந்தான். “இன்னிக்கு நான் டாங்கிக்குப் போல்ட்டு முடுக்கினேன்”னு ஒருத்தன் மூச்சு வுடல. நீ ஒரு ஆணிய எண்ணெயில முக்கறதுக்கு மூணு கேமரா வெக்கற. உன் வூட்டு கேட்டு கீலு ராத்திரி கீச்சு கீச்சுன்னு தெருவையே எழுப்புது. அதுக்கு ஒரு சொட்டு வுட்டியா? கீலுக்கு ஹெரிட்டேஜ் இல்லையோ?

அந்த ஆளி எண்ணெய் விசயத்துலயும் ஜாக்கிரதையா இரு. தொடச்ச துணியக் கசக்கி மூலையில போட்டின்னா தானாவே சூடேறி தீ புடிச்சிக்கும், நெருப்பு வெக்கத் தேவையே இல்ல. விரிச்சிக் காயப் போடு. துப்பாக்கியே இல்லாம வூட்டக் கொளுத்தினவன்னு பேரு வாங்காத.

மெய்யாலுமே பாக்கணும்னு ஆசைன்னா பஸ் ஏறு. கோட்டை மியூசியத்துல பழைய ஆயுதம் வெச்சிருக்குது. எழும்பூர் மியூசியத்துல தஞ்சாவூர் அரண்மனைச் சாமானே இருக்குது. வெள்ளிக்கிழம மட்டும் போவாத, ரெண்டும் மூடிக் கெடக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நீ. ரெண்டு பேருக்கும் நல்லது.

கை ஊறுது, எதையாவது கழட்டி மாட்டியே ஆகணும்ங்கறியா? 177 போர், 20 ஜூலுக்குள்ள அடங்கற காத்துத் துப்பாக்கிக்கு லைசென்சு கேக்கறதில்ல. மெரினாவுல பலூன் கட்டி வெச்சிக்கினு ஒக்காந்திருப்பான் பாரு, அவன்கிட்ட ரெண்டு மூணு இருக்கும். ஸ்பிரிங்கு தொவண்டு, குறி பாக்கற முள்ளு கோணிக்கினு, துரு ஏறி, உன் கைக்காகவே காத்துக் கெடக்கற மாதிரி இருக்கும். போயி, “அண்ணே, இத்த நேராக்கித் தரேன், துட்டு வேணாம்”னு கேளு. ஓட ஓட வெரட்டுவான். முள்ளு நேரா நின்னா பலூனுக்குத் துட்டு யாருடா குடுக்கறது?