அழகர்கோயில் குரங்கும் தேங்காய் மூடியும்: ஓர் ஆய்வு

அழகர்மலை அடிவாரத்துக் குரங்குகள் கண்ணில் பட்டதையெல்லாம் பறிக்கும் என்றொரு அவதூறு மதுரை வட்டாரத்தில் நெடுநாளாக உலவுகிறது. அவை கணக்குப் பார்த்தே பறிக்கின்றன என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1966-இல் மெக்கார்தரும் பியாங்காவும் சேர்ந்து ஒன்று, எம்லன் தனியே ஒன்று என இரு கட்டுரைகள் ‘அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்’ ஏட்டின் ஒரே இதழில் வெளிவந்தன. விலங்குகளின் தீனித் தேர்வு பற்றிய கோட்பாடு அங்கேதான் தொடங்குகிறது. தீனியிலுள்ள சத்தை, அதை உரித்து உடைத்து விழுங்க ஆகும் நேரத்தால் வகுக்க வேண்டும். ஈவு பெரிதாக வருவதே முதல் தரம்.

இதைத் தேங்காய்க்குப் பொருத்துவோம். அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போகிறவரிடம் முழுத் தேங்காய். சத்து ஏராளம், ஓட்டை யார் உடைப்பது? திரும்பி வருகிறவரிடமோ இரண்டு மூடி. உடைக்கும் சிரமத்தை அர்ச்சகரே ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆகவேதான் மதில்மேல் இருக்கும் கடுவன் உள்ளே போகிறவரை விட்டுவிட்டு வெளியே வருகிறவரைக் குறிவைக்கிறது. (தட்டில் வாழைப்பழம் துருத்திக்கொண்டிருந்தால் இந்த முடிவு செல்லாது.) நெய்யும் மிளகும் மணக்கும் அழகர்கோயில் தோசையை எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் முதலிடம்தான். இதில் ஆய்வாளரும் குரங்கும் ஒத்த கருத்தினர்.

அடுத்து, பொரி. கோட்பாட்டின்படி, மட்டமான தீனி எவ்வளவு கொட்டிக் கிடக்கிறது என்பது ஒரு பொருட்டே அல்ல. உயர்ந்த தீனி எவ்வளவு கிடைக்கிறது என்பதே அதன் தலைவிதியைத் தீர்மானிக்கும். ஆடித் தேரோட்டத்தன்று சீந்துவாரின்றிக் கிடக்கும் அதே பொரிக்கு, கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை அடிதடி. நம் கல்யாணப் பந்திகளில் பாயசம் வந்ததும் ரசத்துக்கு நேர்வது இதுவே.

ஓரிடத்தை எப்போது விட்டு நகர்வது? சார்னோவ் 1976-இல் விடை சொன்னார்: அங்கே கிடைக்கும் வரத்து, சுற்றுவட்டாரத்தின் சராசரிக்கு இறங்கியதும். பையில் துளசியும் குங்குமப் பொட்டலமும் மட்டும் எஞ்சியதும் குரங்கு அடுத்த குடும்பத்தை நோக்கித் திரும்புவதைக் காண்க.

பறிப்பதும் தின்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டியதில்லை என்பது நாட்டுக்குரங்கின் தனி வசதி. தாடையிலிருந்து கழுத்துவரை தொங்கும் கன்னப்பைகளில் திணித்துக்கொண்டு மரமேறி, புறங்கையால் கழுத்தை அழுத்தி ஒவ்வொரு வாயாக மேலே தள்ளி மெல்லும். கீழே நாம் கல் பொறுக்கக் குனிவதை அது சாவகாசமாகப் பார்க்கும்.

மூக்குக்கண்ணாடியைப் பறிப்பதை மட்டும் மேற்கண்ட சூத்திரம் விளக்கவில்லை. அதில் சத்து ஏது? விளக்கம் பாலித் தீவின் உலுவாட்டு கோயிலில் இருக்கிறது. அங்குள்ள நீள்வால் குரங்குகள் கண்ணாடி, கைபேசி ஆகியவற்றைப் பறித்து, தீனி கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. வளர்ந்த குரங்குகள் எப்பொருளுக்கு மனிதர் அதிகம் பதறுவர் என்றறிந்து அதையே தேர்ந்தெடுப்பதாக 2021-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நம் ஊர்க் குரங்கு இன்னும் கண்ணாடிக் காம்பைக் கடித்துப் பார்த்துவிட்டு எறிகிற நிலையில்தான் இருக்கிறது. ஆனால் பக்தர்கள் கண்ணாடியை மீட்க வாழைப்பழத்தை நீட்டத் தொடங்கிவிட்டார்கள்; பாடம் நடந்துகொண்டிருக்கிறது.