மச்சானுக்கு ஆர்டர் கொடுப்பது எப்படி?

கொள்முதல் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருக்கும் மத்திய அரசு அதிகாரியே, வாழ்த்துகள். போன மாதம் வரை உங்கள் போனை எடுக்காத சொந்தக்காரர்கள் இனி வீடு தேடி வருவார்கள். பதற வேண்டாம். 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகளை வாங்கி மேசைமேல் வையுங்கள். வருகிறவர் கண்ணில் பட்டால் போதும், படிக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது விதியை மட்டும் படியுங்கள். குடும்பம் என்றால் யார் என்று அங்கேதான் இருக்கிறது. குடும்ப உறுப்பினர் வேலை செய்யும் நிறுவனத்தின் கோப்பைத் தொடாதே, மேலதிகாரியிடம் அனுப்பிவிடு என்கிறது நாலாவது விதி. ஆனால் குடும்பம் என்பது கணவன் அல்லது மனைவி, உங்களையே முழுதாக நம்பியிருக்கும் பிள்ளைகள், அதேபோல் உங்களை நம்பியே வாழும் மற்ற உறவினர், அவ்வளவுதான். மச்சானுக்குச் சொந்தமாகக் கடை, கார், கடன் எல்லாம் உண்டு. ஆகவே உங்கள் பையனுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்த தாய்மாமன், இந்த வரையறைப்படி வழிப்போக்கர்.

அடுத்து கொட்டேஷன். மூன்று வேண்டும் என்றால் மூன்றையும் மச்சானே கொண்டுவருவார். ஒன்று அவர் பெயரில், ஒன்று பங்காளி பெயரில், இன்னொன்று போன வருடமே ஷட்டரை இறக்கிய கடையின் பெயரில். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று லெட்டர்பேடிலும் ‘ஸ்டேஷனரி’ ஒரே மாதிரி தப்பாக இருக்கும். மூன்று முத்திரையும் ஒரே ஊதா மையில், ஒரே பக்கம் சாய்ந்து விழுந்திருக்கும். தேதியையாவது மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒப்பீட்டுப் பட்டியலில் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், யார் என்று பார்க்கும்போது புருவத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது விதியில் 2014-இல் ஒரு வரி சேர்த்தார்கள்: அலுவல் சம்பந்தப்பட்ட சொந்த நலன் எதுவானாலும் அதைத் தெரிவித்து, பொதுநலன் கெடாமல் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். மச்சான் இதில் வசமாக மாட்டுவார். அந்தப் பக்கத்துக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுங்கள். இத்தனைக்கும் அது கேட்பது ஒரு தாள்: ‘இவர் என் மனைவியின் அண்ணன், இந்தக் கோப்பை வேறொருவர் பார்க்கட்டும்.’ கேஷுவல் லீவுக்கு எழுதுவதைவிடச் சின்னது. அதை எழுதாமல் தப்பிக்கத்தான் மேலே சொன்ன அத்தனை உழைப்பும்.

மனைவி இன்சூரன்ஸ் ஏஜென்டா? அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்; நீங்கள் அவருக்காக ஆள் பிடித்தால் 15-ஆம் விதி மீறல். நீங்கள் ஏன் பிடிக்கிறீர்கள்? பில் பாஸாகக் காத்திருக்கும் கான்ட்ராக்டரிடம், “வீட்ல கொஞ்சம் போரடிக்குதுங்குறாங்க” என்றால் அவருக்குப் புரியும்.

விருந்து விஷயத்தில் விதி தாராளமானது. எப்போதாவது ஒரு வேளைச் சாப்பாடு, வண்டியில் ஒரு லிஃப்ட், இவை பரிசாகா. அலுவல் தொடர்புள்ளவர்களின் ஆடம்பர விருந்தையும் அடிக்கடி விருந்தையும்தான் தவிர்க்கச் சொல்கிறது. தினமும் வேறு வேறு கான்ட்ராக்டரோடு சாப்பிட்டால், அவரவர் கணக்கில் எப்போதாவதுதானே?

கல்யாண மொய்யில் மட்டும் உஷார். நெருங்கிய உறவினரிடமும், அலுவல் தொடர்பில்லாத நண்பரிடமும் வழக்கப்படி வாங்கலாம். குரூப் ஏ அதிகாரிக்கு 25,000 ரூபாய்க்கு மேல் போனால் தெரிவிக்க வேண்டும். கான்ட்ராக்டர் இதில் எந்த வகையிலும் வர மாட்டார். அதனால் மொய் நோட்டில் அவருடைய அம்மா பெயர் இருக்கும், ஊர்ப் பெயர் இல்லாமல்.

ஓய்வுக்குப் பிறகு மச்சான் கம்பெனியிலேயே ஆலோசகராகச் சேரலாமே என்று தோன்றும். குரூப் ஏ என்றால் ஓராண்டுக்குள் சேர முன் அனுமதி தேவை, பொறுத்திருங்கள். அதற்குள் உங்கள் நாற்காலிக்கு வந்தவருக்கும் ஒரு மச்சான் முளைத்திருப்பார். அவருடைய கொட்டேஷன் உங்களவருடையதைவிட நூறு ரூபாய் குறைவாக இருக்கும்.